நான்காம் கோடு

சோங்சிங்கில் எது தரை, எது மாடி என்று சொல்ல முடியாது.
தெருவிலிருந்து நுழைந்தால் பதினோராம் மாடி.
இன்னொரு கதவால் வெளியேறினால் அதுவும் தெரு.
பதினாறு வருடமாக இந்த ஊரின்
லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன்.
ஆகவே ஆறு கோடுகளையும்
கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும் என்பதை
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காசு போட்டுப் பார்ப்பது ஏழு வருடப் பழக்கம்.
லாட்டரிக்காக அல்ல,
என்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள என்று
கேட்பவர்களிடம் சொல்வேன்.
கேள்வியை மட்டும் எப்போதும்
எனக்குச் சாதகமாகவே வடிப்பேன்.

செவ்வாய் இரவு, இயந்திர அறையில்,
கிரீஸ் டப்பா மூடியின் மேல்
மூன்று காசுகளை ஆறு முறை போட்டேன்.
கேள்வி: கண்டுபிடிப்பார்களா?

முதல் கோடு முழுசு.
இரண்டும் மூன்றும் நடுவில் உடைந்தவை.
நான்காவதற்கு மூன்று காசும் ஒரே முகம் காட்டின.
முழுக்கோடுதான், ஆனால் முற்றிப்போனது,
மாறக் காத்திருப்பது.
ஐந்து உடைசல். ஆறு முழுசு.

பதிவேட்டின் பின்னட்டையில் வரைந்து பார்த்தேன்.
கீழ்த்தாடை, மேல்தாடை,
இடையே ஏதோ ஒன்று
பல்லை மூட விடாமல்.

கடித்து அறுத்தல் என்று இந்தப் படத்துக்குப் பெயர்.

முதல் நாள் வசதியாக வாசித்தேன்:
நடுவில் நிற்கும் எலும்பு, லெங் ஷோயி.
பிரேக்கைப் பார்க்காமலே பார்த்ததாக
மார்ச் ஒன்பதாம் தேதிக்கு டிக் போட்டவள் நான்.
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்
மீன்தொட்டி சுமந்த ஒருவரோடு
நாற்பது நிமிடம் பெட்டி தொங்கியபோது
சம்பளம் வெட்டுப்பட்டது அவனுக்கு.
ஆனாலும் அவன் சாவியைத் தொலைப்பவன்,
பாதி நேரம் போனில் கிடப்பவன்,
எலும்பாக இருக்கத் தகுதியானவன்தான் என்று
காசுகளே சொல்வதுபோலிருந்தது.

இரண்டாம் நாள் எலும்பு, மேலாளர் தூ.
அதுவும் பொருந்தியது.
எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி
திருடனுடையது.

மூன்றாம் நாள் காலை
நூடுல்ஸ் கடையில் பக்கத்து ஸ்டூலில் லெங்.
வேர்க்கடலையை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டான்.
"குவாங் அக்கா, ஒன்பதாம் தேதி
நான் லீவில்தானே இருந்தேன்?"
சண்டைக்கு அல்ல.
தன் ஞாபகத்தையே சந்தேகித்து
என்னிடம் வந்து கேட்டான்.

மென்று விழுங்கினேன்.
கிண்ணம் இன்னும் வந்திருக்கவில்லை.
வாயில் உணவு எதுவும் இல்லை.

மூன்று நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது
யாருடைய தாடையை என்று
அப்போது தெரிந்தது.

முற்றிய கோடு மாற வேண்டும், அது விதி.
நான்காவதை நடுவில் உடைத்தால்
வருவது இரண்டு தாடை, உள்ளே ஒன்றுமில்லை.
வெறும் வாய்.
உண்ணவும் ஊட்டவும் திறந்தது.
ரப்பரால் அழித்து வரைந்து பார்த்தேன்.
தாளில் சுலபமாக உடைந்தது.

மதியம் தூவின் அறை.
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.
"அந்த டிக் என்னுடையது" என்றேன்.
ஒரு தோலைத் துப்பினார்.
இன்னொன்றைக் கடித்தார்.
"எழுத்தில் கொடு."
எழுதினேன். குவாங் சுயிபிங்.
தேதி போடும்போது மட்டும் கை நின்றது.

லெங்கின் பணம் அடுத்த மாதம் திரும்பும்.
என்னோடு அவன் இன்னும் பேசவில்லை.
நேற்று ஒரே பெட்டியில் இருபத்துமூன்று மாடி ஏறினோம்,
ஆளுக்கொரு கருவிப் பையோடு,
எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு.
நான்கைத் தாண்டும்போது சின்னதாக ஓர் உலுக்கல்.
இருவரும் ஒரே நேரத்தில் தலை தூக்கி,
பிரேக் இருக்கும் பக்கம்
காது கொடுத்தோம்.