ஊதா, பதினெட்டு மீட்டரில்

நாற்பத்தாறு வயதில்
என் கை குட்டையாகிவிட்டது.
மருந்துச் சீட்டை எவ்வளவு தள்ளிப் பிடித்தும்
எழுத்து கூடிவருவதில்லை.
படகோட்டி நோல்டியிடம்கூடச் சொல்லவில்லை.
லெம்பே நீரிணையில்
சின்னதைக் காட்டுவதுதான் என் பிழைப்பு.

இன்றைக்கு ப்ராக்கிலிருந்து ஒரு பல் மருத்துவர். ராதிம்.
ஓடில்லாத கடல் நத்தை வேண்டும் அவருக்கு,
ஊதா உடம்பு, ஆரஞ்சுக் கொம்பு.
விடுதிச் சுவரில் மாட்டிய படத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
படத்தில் அது எருமை.
கடலில் ஓர் அரிசி.

எரிமலை அரைத்துப் போட்ட கறுப்பு மணல்.
துறைமுகத்திலிருந்து உருண்டு வந்த
டூனா டப்பா, ஒற்றைச் செருப்பு,
யாரோ அறுத்துவிட்ட நங்கூரக் கயிறு.
இப்போதெல்லாம் நான் அதைத் தேடுவதில்லை.
அதன் தீனியைத் தேடுகிறேன்.
கயிற்றில் இறகு இறகாய்ப் படர்ந்த ஹைட்ராய்டு
நுனி மொட்டையாய் இருந்தால்
மேய்ந்திருக்கிறது.
பக்கத்தில் முட்டை நாடா
நூல் சிக்கல்போல் மங்கித் தெரிந்தால் போதும்,
ஒரு விரற்கடை மேலே குச்சியை நீட்டி
இதோ என்று ஆட்டுவேன்.
பார்ப்பது அவர்கள் பாடு.

ராதிமின் குமிழிகள் நின்றன.
அப்படியென்றால் இருக்கிறது.

இருபது நிமிடம் மின்னல் வெட்டியது.
விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் உருப்பெருக்கியை
மெல்ல என் முகத்துக்குக் கொண்டுபோனேன்.
அவர் திரும்பினார்.
கண்ணாடியைத் துடைப்பவன்போல்
கட்டைவிரலால் துடைத்தேன்,
தண்ணீருக்குள், பதினெட்டு மீட்டரில்.

படகில் இஞ்சித் தேநீர் ஆறிக்கொண்டிருக்க
கேமராவை என் மடியில் வைத்தார்.
திரை கொள்ளாமல் கிடந்தது அது.
முதுகெல்லாம் விரல்கள்,
ஒவ்வொரு விரல் நுனியிலும்
தின்றதிடமிருந்து திருடிய கொடுக்கு.
இந்த ஊதாவைக் கடைசியாக நான் பார்த்து
இரண்டு மழைக்காலம் இருக்கும்.

கண் எங்கே என்றார்.
பெரிதாக்கிக் காட்டினேன்:
கொம்புக்குப் பின்னே, தோலுக்கடியில்
இரண்டு மைப்புள்ளி.
வெளிச்சமா இருட்டா,
அதற்குமேல் ஒன்றும் தெரியாது.
தன் நிறத்தை அது பார்த்ததே இல்லை.
எதிரே வரும் துணையின் நிறத்தையும்.
மோப்பம்தான், தடவல்தான்.

நான் சற்று அதிகமாகவே பேசிவிட்டேன் போல.
நோல்டி என் பக்கம் திரும்பாமல்
எஞ்சின் கயிற்றை இழுத்தான்.
பற்றவில்லை. மறுபடி இழுத்தான்.

நாளைக்கு
இதைவிடச் சின்னதாக ஏதாவது
கிடைக்குமா என்றார் ராதிம்.

கிடைக்கும் என்றேன்.