சமதளத்தில் எரியாது

பென்னாகரம் ரோட்டில் என் பட்டறைக்கு
அந்த வெள்ளைக் கார் வந்தபோது
ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
"என்னங்க இது?"
"அதுக்கடியிலதான் பிரேக் லைட்டு.
கண்ணை உறுத்துது, ஒட்டிட்டேன்" என்றார் மாதேஸ்வரி.

கூட்டுறவுச் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளர்.
ஊரார் தாலிக்கொடியைக்கூட
உரைகல்லில் உரசாமல் நம்பாதவர்
ஒரு சிவப்பு விளக்கைப்
பொட்டு வைத்து மூடியிருக்கிறார்.

மூன்று பட்டறை பார்த்தாயிற்றாம்.
ஒருவர் பல்ப் கோளாறு என்றார்.
ஒருவர் ஸ்கேனர் மாட்டி, ஒன்றுமில்லை என்று சொல்ல
ஐந்நூறு வாங்கினார்.
மூன்றாமவர் சொன்னது:
"மனசுல போட்டுக்காதீங்க மேடம்."

எனக்கும் எரியவில்லை.
சாவியைத் திருப்பினால் வந்து
வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.
கைபிரேக்கைப் பத்து முறை இழுத்து விட்டேன்,
சுவிட்சில் குறையில்லை.
மிதித்த பெடல் கல்லாக நின்றது.
ஆயில் டப்பாவைக் குனிந்து பார்த்தேன்:
கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே.
ஒரே ஒரு நூல். சட்டப்படி குற்றமில்லை.

"எப்ப எரியும்?"
"எப்பவாவது."
அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு
எதைக் கழற்றுவது?
தினக்காலண்டர் தாள் நாலு கிழித்துக் கொடுத்தேன்.
"மெதுவாப் போங்க. எரியும்போதெல்லாம் நிறுத்தி எழுதுங்க.
எடம், நேரம், காலு எதுமேல இருந்துச்சுன்னு."

ராசிபலனுக்குப் பின்புறம் வந்தது பதில்.
திங்கள். சேலம் போகையில். தொப்பூர் இறக்கம்.
பிரேக்கில் கால். எரிந்தது.
திங்கள். திரும்பும்போது. ஏற்றம். இல்லை.
வியாழன். இறக்கம். முன்னால் சிமெண்ட் லாரி.
ரொம்ப நேரம் எரிந்தது.
வெள்ளி. வீடு, சங்கம், வீடு. இல்லை.
ஞாயிறு. ஒகேனக்கல். கீழே போகையில் மட்டும்.

அடகுச் சீட்டுக் கையெழுத்து,
அரை கிராம் பிசகாது.

என் பட்டறைத் தரை
ரசமட்டம் வைத்துப் போட்டது.
மற்ற மூன்று தரையும் அப்படித்தான் இருந்திருக்கும்.
மலையில் நடந்ததை
மட்டத்தில் நிறுத்தி விசாரித்திருக்கிறோம்.

பின்பக்கம் ஜாக்கி கொடுத்தேன்.
அஃப்சல் முன்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
ஜன்னலுக்குள் கழுத்தை நீட்டினான்.
காரின் முகம் தாழத் தாழ
"அண்ணே, வந்துருச்சு!"
பொட்டின் ஓரமெல்லாம் சிவப்பு.

இனி கால் பாட்டில் ஊற்றினால் அணைந்துவிடும்.
அதுதான் பயம்.
எங்கே போனது என்று கேட்காமல் ஊற்றுவதும்
பொட்டு ஒட்டுவதும் ஒன்று.

நான்கு சக்கரத்தையும் தடவினேன், கசிவில்லை.
குழாயெல்லாம் காய்ந்த எலும்பு.
இடது முன்சக்கரத்தில்
காலிப்பர் பின் துருவேறி இறுகி
உள்பக்கப் பேடு அப்பள கனத்துக்கு வந்திருந்தது,
வெளிப்பக்கம் நேற்று வாங்கினதுபோல.
தேய்ந்ததை எட்டிப்பிடிக்க
பிஸ்டன் முன்னே நகர நகர
அது விட்ட இடத்துக்கு
மேலிருந்து இறங்கியிருக்கிறது ஆயில்.

துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி,
இரண்டு பக்கமும் புதுப் பேடு போடுமுன்
கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன்.
டப்பாவில் தானாக ஏறி வந்தது ஆயில்.
ஒரு சொட்டு ஊற்றவில்லை.
இருபது வருடமாக இந்த இடம் வரும்போது
அஃப்சலையோ அவனுக்கு முன்னிருந்தவனையோ
டீ வாங்க அனுப்பிவிட்டு
தனியாக நின்று பார்ப்பேன்.
(ஆயில் டீ நிறத்தில்தான் இருந்தது.
அதை மாற்றியது பிறகு.)

திங்கள் காலை போன்.
பின்னால் லாரிகள் காற்றை விடும் சத்தம்,
தொப்பூர் அடிவாரம்.
"வரலைங்க" என்றார்,
தினமும் வருகிறவர் வராத குரலில்.
பிறகு கொஞ்சம் தாழ்த்தி,
"பல்பைக் கில்பைப் புடுங்கிட்டீங்களா?"

உரைகல் கைக்கு வந்துவிட்டது.
"ஓரமா நிக்கிறீங்கல்ல? சாவியைப் போட்டு
கைபிரேக்கை இழுங்க."
கரகரவென்று ஏறும் சத்தம்.
ஒரு லாரி கடந்தது, இன்னொன்று.

"எரியுது."