வலப்பக்கம்

சின்னவன் மூன்றாம் வகுப்பில் பாதியில் விட்ட
நாற்பது பக்க நோட்டு.
இடப்பக்கம் நான் கேட்டது.
வலப்பக்கம் நீர் கொடுத்தது.
தையல்காரி நான், ஆண்டவரே.
அளவு எழுதி வைக்காவிட்டால்
எனக்கு எதுவும் நினைவில் நிற்காது.

முதலில் எழுதியது புயலுக்கு மறுவாரம்.
முதுநகரில் கரண்ட் போய் ஒன்பதாம் நாள்.
கேட்டது:
மிஷினுக்குப் பெல்ட்,
வாடகை இரண்டாயிரத்து இருநூறு.
ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி
காகம் வருமென்று
கூரை ஓட்டை வழியே வானத்தைப் பார்த்திருந்தேன்.

டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தது.
கருவாட்டுக் கிடங்கு நெய்னா மரைக்காயர்,
பின்சீட்டில் கிழிந்த தார்ப்பாய் பதினொன்று.
"பொழுதுக்குள்ள தச்சுத் தர முடியுமா?
சரக்கெல்லாம் நனையுது."
பெல்ட் அறுந்ததைச் சொன்னேன்.
தார்ப்பாய் கட்டியிருந்த கயிற்றையே அவிழ்த்து
சக்கரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார்.
முடிச்சு வரும்போதெல்லாம்
மிஷின் ஒரு விக்கல் விக்கியது.
வலப்பக்கம் எழுதினேன்:
கயிறு. கூலி ஆயிரத்து முந்நூறு.
பாக்கி தொள்ளாயிரம்
உம்மேல் நிற்கிறது.

எட்டாம் பக்கம், பெரியவளின் நர்சிங் ஃபீஸ்.
ஐயர் வந்து ஜெபித்துவிட்டு டீ குடித்துப் போனார்.
ஃபீஸ் வரவில்லை.
அவள் இப்போது மஞ்சக்குப்பம் மருந்துக்கடையில் நிற்கிறாள்,
மாத்திரைப் பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம்,
மாதம் பிறந்தால் சம்பளம்.
இதை எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாமல்
நடுவில், பின் அடித்த மடிப்பில் எழுதியிருக்கிறேன்.
அங்கே எழுத்து சரியாக விழவில்லை.

பதினாலாம் பக்கத்தில் ஒரே வரி:
இவர் மூச்சு.
சிப்காட்டில் இருபத்திரண்டு வருஷம்
மூட்டை தூக்கின நெஞ்சு.
பெரியாஸ்பத்திரிக் கட்டிலில்
குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு
அவர் கேட்டது என்னை:
"சாப்பிட்டியா?"
விடியுமுன் அந்தக் கட்டிலை
வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வலப்பக்கம் வெள்ளையாக இருக்கிறது.
தேவசித்தம் என்று எழுதி நிரப்பலாம்தான்.
சபையில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.
பேனா மூடி கழலவில்லை.
நான் அதைக் கிழிக்கவும் இல்லை.
நீரும் வந்து ஒன்றும் எழுதவில்லை.

போன வியாழன் கெடிலம் பொங்கி
பின்தெருவில் முழங்கால் தண்ணீர்.
மழையில் வர முடியாதென்று பெரியவள் போன் செய்தாள்,
வடித்த சோறு மிஞ்சிவிட்டது.
அவ்வளவுதான், பெரிய மனசெல்லாம் இல்லை.
ஊசிப்போகுமே என்று
தூக்கில் போட்டு எடுத்துப் போனேன்.
அஞ்சலாட்சி கதவைத் திறந்தாள்,
தூக்கின் மூடியைத் திறக்கவில்லை, அழுதாள்.
"காலையிலேர்ந்து பாடலீஸ்வரரத்தான்
கேட்டுக்கினு இருந்தேன்,
புள்ளைங்களுக்காவது
யாருகிட்டயாச்சும் குடுத்தனுப்புன்னு."

தண்ணீருக்குள் காலைத் தேடித் தேடி வைத்து
வீடு திரும்பினேன்.
அவளிடம் நோட்டு இல்லை. இருந்தால்
அதில் வலப்பக்கம் நான்.
சோறு ஒரு தூக்கு,
சாம்பாரில் உப்பு தூக்கல்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
எழுதிவிட்டிருக்கிறீர்.

நெய்னா மரைக்காயரிடம் நான் கேட்டதேயில்லை,
அன்று வண்டியில் வரும்போது
அவர் வாய்க்குள் என்ன வேண்டிக்கொண்டு வந்தாரென்று.
நனைகிற கருவாட்டுக்கு
ஒரு கை தேவைப்பட்டிருக்கும்.

சரி.
அந்தத் தொள்ளாயிரத்தைத் தள்ளிவிடுகிறேன்.
பதினாலாம் பக்கத்தைத் தள்ள மாட்டேன்.
அது இருக்கட்டும், நேரில் வரும்போது
நோட்டைக் கையோடு கொண்டுவருகிறேன்.

நாளைக்கு மிஷினுக்கு எண்ணெய் வேண்டும்,
வெள்ளை நூல் இரண்டு கண்டு.
இடப்பக்கம் எழுதிவிட்டேன்.