உயிர்மெய்

யோலே ஃபெர்ராந்தினாவின் முகத்துக்கு
பத்தொன்பது படங்களில் நான்தான் குரல்.
சுவரொட்டியில் என் பெயர் இல்லை.
கணக்கரின் பேரேட்டில் இருந்தது:
நேரீனா, பிற்பகல், நான்கு மணி நேரம்.

தாரந்தோ துறைமுகத்தில்
சிப்பி விற்றவரின் மகள் அவள்.
பதினான்கு வயதில் நாடகக் குழுவின் லாரியில் ஏறி
தானியக் கிடங்குகளில், கூரை போன தேவாலயங்களில்
கணவனைக் கொன்றாள், நாட்டை இழந்தாள்,
ராத்திரி இரண்டாம் ஆட்டத்தில்
மறுபடி கொன்றாள்.
தகரத்தில் அடைமழை விழும்போதும்
கடைசி வரிசைக்குக் கேட்குமாம்
அந்தக் கட்டைக் குரல்.
கேட்டவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
பதிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ரோமில் இயக்குநர் அவள் கழுத்தைப் பார்த்தார்.
விளக்கை நகர்த்தி மறுபடி பார்த்தார்.
வாயைத் திறந்தாள்.
'மீன் சந்தை' என்றார்.
என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இருட்டறை. நாக்கடியில் ஒரு துண்டு அதிமதுரம்.
சொல் பொருந்தினால் போதாது,
மூச்சும் பொருந்த வேண்டும்.
பொய் சொல்லுமுன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள்;
நிஜமாக அழும்போது இழுக்கவே மாட்டாள்.
அவளை மணந்த இருவரில்
ஒருவருக்காவது இது தெரிந்திருக்குமா?

ஆறாவது படத்தில் உதடு ஒட்டவே இல்லை.
ரயில் நிலையம், பனி, காதலன் போகிறான்,
தாளில் எழுதியிருப்பது 'போகாதே, என்னை விட்டுப் போகாதே'.
சுருளை ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன்.
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு...
எப்படியும் அழிக்கப் போகிற பேச்சுக்கு
வசனம் எதற்கு?
கண்ணில் மட்டும் அப்படித் தண்ணீர்.
எழுபத்து மூன்றின் மேல்
'போகாதே'யை ஒட்டினேன்.
ஊரே அழுதது.

நாற்பது வயதில் மேடைக்குத் திரும்பினாள்.
நேப்பிள்ஸ். மூன்றாம் வரிசை.
மடியில் மழைக்கோட்டோடு நான்.
முதல் வரி பேசினாள்.
மாடியிலிருந்து ஒரு சீழ்க்கை.
எங்கள் ஊரில் சீழ்க்கை என்றால் வசை.
"யார் இவள்? யோலேயின் குரலைக் கொண்டு வா!"
அரங்கம் சிரித்தது.
என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன;
கையால் பொத்திக்கொண்டேன்.

அவள் விளிம்புக்கு நடந்து வந்தாள்.
ஒன்று, என்றாள்.
இரண்டு.
சரளைக்கல்லில் சக்கரம் ஏறுகிற அந்தக் குரலில்,
அவசரமில்லாமல்,
மீன் எண்ணிப் போடுகிறவள் மாதிரி.
ஒன்பதில் மாடி அடங்கியது.
பதினேழில் யாரோ இருமலை விழுங்கினார்கள்.
விட்ட இடத்திலிருந்து
பாதி வாக்கியத்தை எடுத்துப் பேசினாள்.

ஒப்பனை அறை வரை போனேன்.
கதவு ஒருக்களித்திருந்தது.
எண்ணெய்ப் பஞ்சால் முகத்தைத் துடைத்தபடி
திரும்பும் ரயிலுக்கு
மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
நான் வாயைத் திறந்தால்
யாரென்று தெரிந்துவிடும்.
திறக்கவில்லை.
பூ வாங்கிப் போயிருக்கலாம்.

போன குளிர்காலத்தில் இறந்தாள்.
அன்றிரவே தொலைக்காட்சியில் அந்தப் படம்.
சாப்பாட்டு மேசையில் என் மருமகன்
முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்:
"குரலைக் கேளுங்கள், என்ன குரல்!"
உப்பை இப்படித் தள்ளு, என்றேன்.
தள்ளினான்,
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.
அங்கே பனியில் நின்று அவள்
எழுபத்து மூன்று என்றாள்.