மூணு தட்டு

கோழி வளர்த்த கொட்டகைதான்.
பல்லடத்துக்குத் தெற்கே, சோளக்காட்டைத் தாண்டி,
தகரக் கூரை, இருநூறடி நீளம்.
சீக்கு வந்த வருஷம்
கம்பெனிக்காரர்கள் குஞ்சு இறக்குவதை நிறுத்தினார்கள்.
மூன்று தரம் கழுவிச் சுண்ணாம்படித்தும்
மழைக்கு முந்தின பொழுதுகளில்
தரையிலிருந்து அந்த வாசம் எழும்பும்.
அதன் நடுவில் நிற்கிறது
பாதி விமானம்.

தூத்துக்குடியில் பெட்டியைப் பிரித்த அதிகாரி
"பொம்மையா?" என்றாராம்.
"ஆமாங், கொஞ்சம் பெருசு" என்றாராம் இவர்.
பக்கத்துத் தோட்டத்து ராக்கியப்பன்
வாலைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து,
"லிட்டருக்கு எத்தன குடுக்குமுங்க?"
"எட்டு, ஒம்பது."
"அட, நம்ம டிராக்டருக்கு இது தேவல."

என் வேலை இறக்கைக்குள்.
விலாச்சட்டத்து ஓட்டையில் அவர் முழங்கை நுழையாது.
வளையலைக் கழற்றி வைத்தால்
என் கை தோள் வரைக்கும் போகும்.
வெளியே அவர், ரிவிட் கன்னோடு.
உள்ளே நான், ஆணியின் வாலில் இரும்புக்கட்டியை
அழுத்திப் பிடித்தபடி.
இடையில் அரை மில்லி அலுமினியத் தகடு.
முகம் தெரியாது. கம்ப்ரசர் இரைச்சலில் குரலும் கேட்காது.
அதனால்,
ஒரு தட்டு: சரி.
ரெண்டு தட்டு: இன்னும் சித்தே அடிங்க.
மூணு தட்டு: கெட்டுப்போச்சு, துளைத்துப் பிடுங்குங்க.

காங்கேயத்துக் கல்யாணத்தில்
சம்பந்தியம்மாள் என் கையைத் திருப்பிப் பார்த்து
"நகத்துல என்னங் பச்சையா?" என்றாள்.
பிரைமர் என்று சொன்னால் புரியாது.
தோட்டத்து வேலைங்க, என்றேன்.

படிக்கக் கூடாத பக்கம் ஒன்றும் இல்லை அந்தப் புத்தகத்தில்,
நான்தான் மெதுவாகப் படித்தேன்.
முதல் நாற்பது மணி நேரம்
ஓட்டுபவர் மட்டுமே பறக்க வேண்டும்.
பக்கத்து இருக்கையில், எடைக்கு, மணல் மூட்டை.
"இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"
"மொதல்லயே தெரியும்" என்றார், தலை நிமிராமல்.

மணல் மூட்டைகூடப் பரவாயில்லை.
அந்த 'மொதல்லயே'தான்.

அதற்குப் பிறகு பேச்சில்லை.
ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு
"உங்கப்பாவ கேஸ் புக் பண்ணச் சொல்லு" என்பேன்.
பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் போன் மணி அடிக்கும்.
ஆனால் பொழுதோட ஆறு மணிக்கு
வளையலைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன்.
சண்டை தனி, இடது இறக்கை தனி.
பதினோரு நாளில் அவரிடம்
'சரி' என்று நான் சொன்னது
ஆயிரத்துச் சொச்சம் தடவை,
எல்லாம் தகட்டில்.

பன்னிரண்டாம் நாள் ஆடிக்காற்று.
பாலக்காட்டு வழியே வந்து கூரையைப் பிடித்து உலுக்கியது.
தாங்கியின் மேல் இறக்கை லேசாகத் துடித்தது,
கட்டிப்போட்டதைப் போல.
ஒரு ரிவிட் அடித்தார்.
விரலால் தடவினேன்:
கோணாமல், பிளக்காமல், வட்டம் பிசகாமல்
மிளகு போல உட்கார்ந்திருந்தது.
அன்றைக்கு அதுதான் நல்ல ரிவிட்.

மூணு தட்டினேன்.

கம்ப்ரசர் நின்றது.
துளைத்தார். பிடுங்கினார்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
இறக்கையைச் சுற்றி என் பக்கம் வந்தார்.
உள்ளங்கையில் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது நல்லாத்தான இருந்துச்சு?"

"தெரியுமுங்க."

காற்று ஒரு தகரத்தைத் தூக்கி, போட்டது.
என் கை இன்னும் இறக்கைக்குள்ளேயே இருந்தது.
அவர் டார்ச்சை அணைக்காமல் தரையைப் பார்த்தார்,
கோழிக்குத் தண்ணீர் வைத்த குழாயின் தடத்தை.

"அந்த ஓட்டைக்கு இனி
ஒரு நெம்பர் பெருசுதான் சேரும்" என்றார்.

"மூணாவது டப்பாவுல இருக்குது."