ஈசானிய மூலை

விரிசலுக்குக் குறுக்கே நான் ஒட்டிவைத்த கண்ணாடிச் சில்லு
போன ஆடியிலேயே உடைந்துவிட்டதாம்.
இரு முனையும் சிமெண்டில் பதித்து
பென்சிலால் தேதி எழுதிய சில்லு.
கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது
என்று அன்றைக்கு ஒரு வாக்கியம் வேறு உதிர்த்திருக்கிறேன்.
சுகந்தா அம்மாள் அதை இன்னும் மறக்கவில்லை.

ஹொரமாவு, ஏழாவது கிராஸ்.
ஜன்னல் மூலையில் தொடங்கி
செங்கல் செங்கலாகப் படியேறுகிறது விரிசல்.
கீழே தலைமுடி நுழையும்,
மேலே ஐந்து ரூபாய் நாணயம்.

கனகசபாபதி சார் ஒரு கோப்பு வைத்திருக்கிறார்.
வக்கீல் நோட்டீஸ் இரண்டு, புகைப்படங்கள்,
மாநகராட்சி முத்திரையிட்ட ஒரு 'பெறப்பட்டது'.
பக்கத்து வீட்டுச் சென்னவீரப்பா
போர் போட்ட வாரம்தான் சுவர் 'டக்' என்றது,
அதனால் அந்தப் போர்தான்.
"அதை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

"முதல்ல துளை போடணும் சார்."

ராய்ச்சூர்ப் பையன்கள் இரும்பு முக்காலியை நிறுத்தினார்கள்.
அறுபத்து மூன்றரைக் கிலோ சம்மட்டி
இடுப்புயரத்திலிருந்து விழும்,
தூக்கினால் மறுபடி விழும்.
அரை அடி இறங்க எத்தனை அடி
என்று எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்,
நோட்டில் நான் ஒன்றைச் சிவப்பு மையில் எழுதுவேன்.

தென்மேற்கு மூலை:
ஒன்பது, பதிமூன்று, பதினேழு.
செம்மண், இறுகிய செம்மண்,
தோள்பட்டை கழன்றுவிடும்போல் செம்மண்.
திம்மண்ணா சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.

வடகிழக்கு:
இரண்டு.
இரண்டு.
அடுத்ததை எண்ணுவதற்குள்
சம்மட்டியின் கனத்திலேயே
குழாய் தானாக இறங்கிவிட்டது.

பிளந்து பார்த்தேன்.
விரலில் ஒட்டிய அல்வாபோல் கறுப்பு மண்,
ஓட்டுச் சில்லு, ஒரு ரப்பர் செருப்பின் வார்.
எவரோ எதையோ கொட்டி மேவிய பள்ளம்,
அதன்மேல் இந்த வீட்டின் ஒரு கால்.
நாலாவது அடியில் தண்ணீர்.

மார்ச் மாதம். மழை பெய்து நான்கு மாதமாகிறது.

அண்ணாந்து பார்த்தேன்.
மொட்டைமாடியின் மூன்று வாய்களை அடைத்து
நான்காவதில் மட்டும் குழாய்.
ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையும்
தினம் தொட்டி நிரம்பி வழிவதும்
வாஷிங் மெஷின் துப்புவதும் அதற்குள்தான்.
"ஈசானியத்துல நீர் இருக்கணும்னு
வாஸ்துக்காரர் சொன்னார்,"
சுகந்தா அம்மாளின் குரல் பாதியில் தேய்ந்தது.

குழாய் தரைக்கு ஒரு சாண் மேலே
அந்தரத்தில் முடிந்திருந்தது.
ஒரு எல்போ போதும்.
சாக்கடைவரை பன்னிரண்டு அடிப் பைப்.
எலெக்ட்ரீஷியன் டீக்குப் போகும் நேரத்தில் வேலை முடிந்திருக்கும்,
பதினொரு வருடத்துக்கு முன்னால்.

சார் கோப்பை மூடவில்லை.
பக்கத்துக்குள் விரலை அடையாளம் வைத்துக்கொண்டு
குழாயையே பார்த்தார்.
"அந்த வரி அவசியமா?"

அவசியம்தான்.
குழாயை நீட்டவும். மிதவை வால்வு பொருத்தவும்.
ஒரு மழைக்காலம் பொறுக்கவும்.
புதுக் கண்ணாடி ஒட்டவும்.
இதுவும் உடைந்தால் மூலைக்கு அடியில் முட்டுக்கொடுக்கவும்.
இப்படி எழுதும்போது என் தமிழும்
மாத்திரைச் சீட்டுபோல் ஆகிவிடுகிறது.
மூன்று வருடம் பேசாமலிருந்ததற்கு
பரிந்துரைப் பத்தியில் இடம் கிடையாது.

முக்காலியைப் பிரிக்கும்போது
காம்பவுண்ட் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது.
ஆயிரத்து நூறு அடி தோண்டி
வெள்ளைக் கல்தூள் மட்டும் கண்ட மனிதர்.
இந்த வீட்டோடுதான் பேச்சில்லை,
என்னோடு பேசலாம் போலிருக்கிறது.

"நீரு சிக்தா, மேடம்?"

"சிக்து."

"எஷ்டு அடி?"

மண் ஒட்டிய நான்கு விரலைக் காட்டினேன்.
ஜன்னலுக்குப் பின்னால்
கோப்பின் தாள் ஒன்று சரசரத்து நின்றது.

"நானூறா!" என்றார்,
பொறாமையை மறைக்காமல்.