ஈறு கெட்ட எதிர்மறை

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கம்.
வெளியீடுகள் என்று தலைப்பு.
ஒரு கட்டம், வலது ஓரத்தில் சின்ன முக்கோணம்,
தொட்டால் மூன்று சொல் கீழே விழும்:
வெளிவந்தது. ஏற்கப்பட்டது. பரிசீலனையில்.

நான்காவது இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பகாவில் இரவு பதினொன்று இருபது.
கிளினிக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்
ஆலைக்குப் போகிற லாரி ஒன்று
வளைவில் செம்பனைப் பழத்தைச் சிந்திவிட்டுப் போகிறது.
விடிந்தால் யாராவது சாக்கோடு வருவார்கள்.
பன்னிரண்டுக்குக் கட்டம் மூடிவிடும்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:
அறுபத்து மூன்று பெண்கள்.
முதுகில் பதினாறு லிட்டர் பம்பு,
நிரைநிரையாகக் களைக்கு மருந்து அடிப்பவர்கள்.
நகம் நிறம் மாறியவர் இருபத்தொன்பது.
மூக்கில் ரத்தம் கண்டவர் பதினேழு.
கையுறை, ஆபீஸ் கணக்குப்படி, எல்லாருக்கும்.
கையில் பார்த்தது நாலு பேருக்கு.

முதல் ஏடு பத்தொன்பதாம் நாளே திருப்பியது:
எண்ணிக்கை போதாது.
அடுத்தது எட்டு மாசம் வைத்திருந்து கேட்டது:
ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே அடிக்காத பெண்கள் எங்கே?
அந்தத் தோட்டத்தில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்,
மேனேஜரின் மருமகள்.

இஸ்சாட் வாட்ஸ்அப்பில் சிரிக்கிறான்.
பரிசீலனையில் என்று போடு, யார் தேடப் போகிறார்கள்?
நான் மூன்று போட்டேன்,
அதில் ஒன்றை இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை.
அவனுக்குப் போன வருஷமே அறுவை சிகிச்சையில் இடம்.
கெட்டவன் இல்லை.
எனக்கு டெங்கி வந்தபோது
ஆறு இரவு டூட்டி பார்த்துக் கொடுத்தவன்.

ஹோய் யின் இன்னும் சுத்தமான வழி சொன்னாள்:
காசு வாங்கிக்கொண்டு எதையும் எடுக்கிற ஏடு ஒன்று இருக்கிறது,
இப்போதே அனுப்பு,
பன்னிரண்டுக்குள் பரிசீலனை உண்மையாகிவிடும்.

திறந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், திறந்தேன்.
ஆசிரியர்கள், வரிசைப்படி, என்று கேட்டது.
என் பேர்.
ஒருநாளும் தோட்டத்துக்குள் கால் வைக்காத டத்தோவின் பேர்.
லயம் லயமாகக் கதவு தட்டி
அறுபத்து மூன்று பேரையும் கூட்டிவந்த
மண்டோர் தனபாக்கியத்துக்கு
மின்னஞ்சல் முகவரி இல்லை.
மூடிவிட்டேன்.

ஐந்தாம் படிவத்தில் தமிழுக்கு ஏ வாங்கியவள் நான்.
வெளிவரா ஆய்வு:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
(பக்கத்து அறைப் பல் டாக்டரிடம் சொன்னால்
ஈறு கெட்டிருந்தால் இங்கே அனுப்பு என்பாள்.)
அதற்குக் காலம் கிடையாது.
வரவில்லை, வருவதில்லை, வரப்போவதும் இல்லை,
மூன்றையும் ஒரே வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்.
கட்டமோ ஏதாவது ஒரு காலத்தைச் சொல் என்கிறது.

செவ்வாய்க்கிழமை எண் நாற்பத்தொன்று வந்தார்,
பிரஷர் மாத்திரைக்கு.
பேர் சொல்ல மாட்டேன்,
ஒப்புதல் தாளில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
"அந்தப் பேப்பரு வந்துருச்சா டாக்டரு?"
"இன்னும் இல்லக்கா."
சரி என்று சட்டைக் கையை மடித்து நீட்டினார்.
நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு.
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பதினொன்று ஐம்பத்து மூன்று.
தலைப்பை மட்டும் எழுதி, நிலையைக் காலியாக விட்டு அனுப்பினேன்.
சிவப்பாகத் திரும்பியது: நிலையைத் தேர்ந்தெடுக்கவும்.
மறுபடி அனுப்பினேன். மறுபடி சிவப்பு.
வரிசையையே நீக்கினேன்.
உடனே பச்சை.
ஒன்றும் செய்யாதவளை அதற்கு எவ்வளவு பிடிக்கிறது!

ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது:
விளையாட்டு, கழகம், பிற.
பூப்பந்து, மாவட்ட அளவில், என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
அதற்குக் கீழே தட்டினேன்:
மருந்தடிக்கும் பெண்கள் அறுபத்து மூன்று பேர்.
இரண்டு ஏடுகள் மறுத்தன. வெளிவரவில்லை.
இன்னும் என்று சேர்த்தேன்.
அழித்தேன்.
சேர்த்தேன்.